பேர் வைக்காத மழை

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தால் போதும், என் செல்போன் அடிக்கத் தொடங்கிவிடும். ஓய்வு பெற்ற பிறகும் இது நிற்கவில்லை. சின்ன காஞ்சிபுரத்து மளிகைக் கடைக்காரர், எதிர்வீட்டு வக்கீல், பட்டுக் கடை மேலாளர் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: அடுத்த புயலுக்கு என்ன பேர்? எவ்வளவு மழை பெய்யும், எந்த ஏரி உடையும், பாலாற்றில் தண்ணீர் எந்த மட்டம் என்று இதுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. பேர் தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் போனை வைத்துவிடுவார்கள்.

காஞ்சிபுரத்தில் ஓர் உள்ளூர் கேபிள் சேனலில் ஏறக்குறைய முப்பது வருடம் செய்தி வாசித்தவள் நான். இப்போது என் நாற்காலியில் கம்ப்யூட்டரில் செய்த பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் புடவை கசங்குவதில்லை, தொண்டை கட்டுவதில்லை, நாத்தனார் பெண் கல்யாணம் என்று லீவு கேட்பதும் இல்லை. போன மாதம் சேனலிலிருந்து இரண்டு பேர் வந்து, புயல் நேரத்தில் நான் எப்படிச் செய்தி வாசித்தேன் என்று விவரமாக எழுதித் தரும்படி கேட்டார்கள். அதை வைத்து அவளுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். எழுதித் தருகிறேன். இதிலிருந்து அவள் என்ன கற்றுக்கொள்வாள் என்பது அவள் பாடு.

எனக்குப் பயிற்சிக் காலம் என்று ஒன்று இருந்தது. அது ஒரு நிமிடத்தில் முடிந்தது. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்த என் குரலைக் கேட்டு, சேனல் முதலாளி ஏகாம்பரம் ஆள் அனுப்பினார். போய் நின்றேன். மழை, வாழை, கோழி என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். நாளைக்குச் சாயந்திரத்திலிருந்து செய்தி நீங்கள்தான் என்றார். அன்றிலிருந்து மின்தடை நேரம், கருட சேவை புறப்பாடு, பட்டு நூல் விலை, காணாமல் போன பசு, வந்து போன அமைச்சர் எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்துவந்தேன்.

ஏகாம்பரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாகறல் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல்லை விட்டுக் கேபிளுக்கு வந்தார், கேபிளைப் பிடித்துக்கொண்டு கட்சிக்கு வந்தார். என்னைவிட ஐந்து வயது பெரியவர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை மாமி என்றுதான் கூப்பிட்டார். எதற்கும் ‘பேசிடலாம்’ என்பார். மின்தடையா, மின்வாரியத்தில் பேசிடலாம். கோயிலில் கேமரா வைக்க விடமாட்டார்களா, பேசிடலாம். ஒரு முறை சந்திர கிரகணம் எங்கள் விளம்பர நேரத்தில் வந்தபோதுகூட அந்த வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

நான் செய்தி வாசிக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று, என்னோடு சேர்ந்து உதட்டை அசைப்பார். ஆனால் கேமராவுக்கு முன்னால் வரமாட்டார். ஒரு பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல உட்கார்ந்தார். ‘அன்பார்ந்த’ என்று ஆரம்பித்தார். அதைத் தாண்டி வார்த்தை வரவே இல்லை. வேர்த்துக் கொட்டி எழுந்து போனவர், பிறகு அந்த நாற்காலி பக்கமே வரவில்லை. அரசியல்வாதிக்கு இது பெரிய குறை. தெருத் தெருவாக நடந்து, வீட்டு வாசலில் நின்று பேசினால் மட்டும் அவருக்குப் பேச்சு தங்குதடை இல்லாமல் வரும்.

புயல்களுக்குப் பேர் வைக்கும் விஷயம் எங்கள் சேனலுக்குள் நுழைந்தது அவரால்தான். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, இந்தப் பேரையெல்லாம் யார் வைக்கிறார்கள் என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். இந்தக் கடல்களைச் சுற்றியுள்ள பதின்மூன்று நாடுகள் தலைக்குப் பதின்மூன்று பேர் கொடுத்திருக்கின்றன. நாடுகள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. ஒரு புயல் வந்தால் முதல் நாட்டின் பேர், அடுத்தது வந்தால் அடுத்த நாட்டின் பேர். காற்று மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால்தான் டெல்லியிலிருந்து பேர் கொடுப்பார்கள். அதற்குக் கீழே எவ்வளவு ஆட்டம் போட்டாலும் அது வெறும் தாழ்வு மண்டலம்தான். ஒரு முறை வைத்த பேரைத் திரும்ப வைப்பதில்லை.

ஏகாம்பரம் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நம்ம பேர் ஒண்ணு அதுல சேக்க முடியுமா மாமி? டெல்லில பேசிடலாம்.”

அரசியல்வாதிகள் பேர் கூடாது என்றேன். அவர் தன்னை அரசியல்வாதி என்று யாரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையே என்றார். அது நியாயம்தான். மதம் சம்பந்தமான பேரும் கூடாது, உங்கள் பேர் சாமி பேர் என்றேன். அதற்கும் ஏதோ வழி யோசித்தார். கடைசியாக, ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்றேன். விரலை மடக்கி எண்ணினார். ஒன்பது வந்தது. “ஒரு எழுத்த எடுத்துடலாம். நியூமராலஜிகாரனும் அதத்தான் சொன்னான்” என்றார். இது வேடிக்கைப் பேச்சு இல்லை. அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

அந்த வருடம் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. திருமுக்கூடல் பக்கத்தில், பாலாற்றை ஒட்டி, அவருடைய மாமனார் ஊர் இருக்கிறது. அங்கே ஒன்றிய கவுன்சிலருக்கு நின்றார். அந்த ஊர் ஆற்றோரத் தெரு முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். எல்லோரும் ஆரத்தி எடுத்தார்கள், எல்லோரும் சத்தியம் செய்தார்கள். எண்ணிப் பார்த்தபோது தோற்றிருந்தார். அந்தத் தெருதான் கவிழ்த்துவிட்டது என்பது அவர் கணக்கு. எந்த வீட்டில் யார் என்ன சொன்னார்கள், யார் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்தார்கள் என்று ஒரு மாதம் எங்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். கேமரா பார்க்கும் பாபு, பாவம், அதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தெருவைப் பார்க்காமலே அதன் வரைபடத்தைப் போட்டுவிடும் நிலைக்கு வந்துவிட்டார்.

தோல்வியை மறக்க அவர் ஒரு போட்டி வைத்தார். அடுத்த புயலின் பேரைச் சரியாகச் சொல்பவருக்கு ஒரு பட்டுப் புடவை. ஒரு பட்டுக் கடைக்காரர் ஆதரவு. அடுத்த பேர் ஏற்கெனவே பேப்பரில் வந்த பட்டியலில் இருக்கிறது, சவூதி அரேபியா கொடுத்தது, ஜவாத் என்று நான் சொன்னேன். அதெல்லாம் நமக்குத் தெரியும், ஜனங்களுக்குத் தெரியாது என்றார். ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை அவருக்கும் தெரியாது. திரையின் அடியில், நான் வாசிக்கும் செய்திக்குக் கீழே, இரவும் பகலும் ஒரு வரி ஓடத் தொடங்கியது: ‘புயலுக்குப் பேர் வரும்வரை காத்திருங்கள்! பட்டுப் புடவையை வெல்லுங்கள்!’

அப்போதுதான் அந்தத் தாழ்வு மண்டலம் வந்தது. ஊர் முழுவதும் அது புயலாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டது. வரதராஜப் பெருமாள் சன்னதியில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள், கண்ணை மூடிக்கொண்டு ‘அறுபத்திரண்டு, அறுபத்திரண்டு’ என்று முணுமுணுத்தாள். பெருமாள் செவிசாய்க்கவில்லை. காற்று எழும்பவில்லை. ஆனால் மழை பெய்தது. விட்டுவிட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. மேற்கே மலைப்பக்கமும் பெய்தது. ஏரிகள் நிரம்பி வழிந்தன. பாலாற்றிலும் செய்யாற்றிலும் நாங்கள் ஆயுசில் பார்க்காத தண்ணீர். இரண்டும் வேகவதியும் கூடுகிற இடத்தில் கடல் மாதிரி இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வந்த பாபு சொன்னார். அவர் கொண்டுவந்த படத்தில் ஆற்றுக்கும் வயலுக்கும் நடுவே கோடே இல்லை.

ஒரு நாள் மதியம் அதிகாரிகளிடமிருந்து அறிவிப்பு வந்தது. ஆற்றின் மேல்பக்கம் இன்னும் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், பொழுது சாய்வதற்குள் இங்கே வந்துவிடும், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். நான் வாசித்தேன். திரும்பத் திரும்ப வாசித்தேன். இடையில் நேயர்களின் போனை எடுத்துப் பேசுவது வழக்கம். அந்த ஆற்றோரத் தெருவிலிருந்தே ஒரு போன் வந்தது. பேசியவள் கன்னியம்மா. நாலைந்து ஆடு வைத்துப் பிழைப்பவள். எங்கள் ஒளிபரப்பில் அடிக்கடி பேசுவாள்.

“ஏம்மா, இதுக்குப் பேரு வெச்சிட்டாங்களா?”

இல்லை, இது புயல் ஆகவில்லை, ஆனாலும் ஆபத்துதான், உடனே கிளம்புங்கள் என்றேன்.

“பேரு வெச்சப்புறம் சொல்லும்மா, வந்துடறோம். போன தபா பேரு வெச்ச புயலுக்குத்தான் கூட்டிக்கினு போயி ஸ்கூல்ல அடைச்சாங்க. உப்புமாவாப் போட்டாங்க. வெளிய பாத்தா தூறல். வூட்டுக்கு வந்தா ஒரு ஆட்டக் காணோம். பேரு வெச்சதுக்கே அந்த லட்சணம். இதுக்குப் பேரு கூட இல்லன்ற.”

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். “நீங்களேதான கீழ ஓட வுட்டுக்கினு இருக்கீங்க, பேரு வர்ற வரிக்கும் காத்திருங்கன்னு.”

எனக்கு எதிரே இருந்த திரையைப் பார்த்தேன். ‘உடனே வெளியேறுங்கள்’ என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கீழே மஞ்சள் எழுத்தில் ‘காத்திருங்கள்’ ஓடிக்கொண்டிருக்கிறது. எவ்வளவு நேரமாக இப்படி இரண்டும் சேர்ந்து போகின்றனவோ.

விளம்பரத்தைப் போடச் சொல்லிவிட்டு எழுந்து போய் ஏகாம்பரத்திடம் சொன்னேன். அந்த வரியை நிறுத்தினால் பட்டுக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று இழுத்தார். அவரிடம் நான் அதுவரை குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். அந்தத் தெருவில் ஒருவரும் கிளம்பவில்லை, கன்னியம்மா கிளம்பமாட்டேன் என்கிறாள் என்றேன்.

“எந்தக் கன்னியம்மா? ஆட்டுக்கார கன்னியம்மாவா?” என்றார். அவர் முகம் மாறியது. “கற்பூரத்த அடிச்சி சத்தியம் பண்ணிட்டு அந்தப் பக்கம் போட்டாளே, அவளா?” பாபுவின் படத்தை இன்னொரு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். தண்ணீருக்கு அப்பால், தூரத்தில், மாமனார் ஊரின் மேட்டுக் கோயில் தெரிந்தது. அந்த வரியை நிறுத்துடா என்று பாபுவிடம் சொன்னார். பிறகு நான் சற்றும் எதிர்பாராதது நடந்தது. அவர் நேராகப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கேமரா ஓடத் தொடங்கியது. அன்பார்ந்த என்று ஆரம்பித்து நின்றுவிடப் போகிறாரே என்று நான் பயந்தேன். ஆனால் அவர் அன்பார்ந்த என்று சொல்லவே இல்லை. அந்தத் தெருவின் முனையில் நிற்பவர் போல, முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார்.

“நல்லம்மா, ஆரத்தி எடுத்த கையோட நீ யாருக்குப் போட்டன்னு எனக்குத் தெரியும். பரவால்ல. மாட்ட அவுத்து வுட்டுட்டுக் கெளம்பு. கோவிந்தா, மாடி வூடுன்னு உக்காந்துக்கினு இருக்காத, உங்க அம்மாவால மாடி ஏற முடியாது. அவங்களத் தூக்கிக்கினு கெளம்பு. கன்னியம்மா, ஆட்டையும் ஓட்டிக்கினு வா, ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்ட நான் பேசிடறேன்.”

இப்படியே வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு பேரோடும் ஒரு குற்றச்சாட்டு, ஒரு யோசனை. யார் வீட்டில் கைக்குழந்தை, யார் வீட்டுச் சுவர் மண்சுவர், யாருக்குக் காது கேட்காது என்று அவர் சொல்லச் சொல்ல, நான் அதிகாரிகள் அனுப்பிய அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அதில் ‘தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள்’ என்று இருந்தது. அந்தத் தெருவில் பொதுமக்கள் என்று யாரும் இல்லை. நல்லம்மாவும் கோவிந்தனும்தான் இருந்தார்கள்.

எங்கள் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. நான் உனக்குத்தான் போட்டேன், டிவியில் என் மானத்தை வாங்குகிறாயா என்று சத்தம். செல்போனிலும் எங்கள் சேனல் வரும், அதனால் வெளியூரில் இருந்த மகன்களும் மருமகள்களும்கூடப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார்கள். ஏகாம்பரம் எந்தப் போனையும் எடுக்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தார். “சண்ட போடணும்னா ஸ்கூலுக்கு வாங்க. நானும் அங்கதான் வரேன்” என்று சொல்லிவிட்டு எழுந்தார். சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது. காரை எடுக்கச் சொன்னார்.

நானும் பாபுவும் அவரோடு போனோம். பள்ளிக்கூடத்தை அடைந்தபோது ஆற்றோரத் தெரு முழுவதும் அங்கே இருந்தது, சண்டை போடுவதற்காக. மூட்டை முடிச்சு, மாடு, ஆடு, நடக்க முடியாத கிழவிகள் என எதுவும் பாக்கி இல்லை. ஏகாம்பரத்தைச் சூழ்ந்துகொண்டு தெய்வத்தின் மேலும் பிள்ளைகள் மேலும் ஆணையிட்டு, அவருக்குத்தான் ஓட்டுப் போட்டதாகச் சாதித்தார்கள். அவர்கள் சொன்ன எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் அவர் தோற்றிருக்கவே முடியாது. அந்தக் கூச்சலுக்கு நடுவே வெளியிலிருந்து இன்னொரு சத்தம் கேட்டது. தண்ணீர் வந்துவிட்டது. சற்று நேரத்தில் தெருவுக்குப் போகும் பாதை மறைந்தது. மண்சுவர்கள் விழும் ஓசை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சண்டை அடங்கிவிட்டது.

அப்போது கன்னியம்மாதான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டாள். “தேவராஜு எங்க?”

தேவராஜ் தனியாள். கடைசி வீடு. தேர்தலில் ஏகாம்பரத்துக்காகத் தெருவெல்லாம் போஸ்டர் ஒட்டியவர். சொந்தக் காசில் மைக் செட் கட்டியவர். அவருக்கு ஓட்டுப் போட்டவர் என்று சந்தேகமில்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள்.  டிவியில் ஏகாம்பரம் அந்தப் பேரைச் சொல்லவில்லை. எனக்கும் நினைவு வந்தது. ஒரு மாதமாகப் புலம்பிய எந்தப் புலம்பலிலும் அந்தப் பேர் வந்ததே இல்லை.

தண்ணீரில் ஆளை அனுப்ப முடியாது என்று தீயணைப்புக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஏகாம்பரம் பேசிடலாம் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றுகொண்டே இருந்தார். உப்புமா கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. விடிந்ததும் படகு போனது. பம்புசெட் கொட்டகையின் கூரைமேல், தென்னை மட்டையைப் பிடித்துக்கொண்டு தேவராஜ் உட்கார்ந்திருந்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தெருவில் பாதி வீடுகள் இல்லை. ஆனால் உயிர் ஒன்றும் போகவில்லை.

அந்த மழை கடைசிவரை பேர் வாங்காமலே போய்ச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் ஜவாத். டெல்லியில் முறைப்படி பேர் வைத்தார்கள். சென்னை சேனல்களில் சிவப்பு எழுத்தில் ஓடியது. கரையைத் தொடுவதற்கு முன்பே அது வலுவிழந்துவிட்டது. எங்கள் ஊரில் அன்று நல்ல வெயில், தறிக்குப் பாவு நூல் காயவைக்க ஏற்ற நாள். எங்கள் போட்டிக்கு வந்த விடைகள் அத்தனையும் சரி. பட்டியல் எல்லோருடைய செல்போனிலும் இருந்திருக்கிறது. குலுக்கல் போட்டார்கள். ஏகாம்பரத்தைத் தேர்தலில் தோற்கடித்தவரின் மனைவி பேர் வந்தது. இன்னொரு முறை குலுக்கலாமா என்று அவர் கேட்பதற்குள் பட்டுக் கடைக்காரர் அந்த அம்மாளுக்குப் புடவையைக் கொடுத்துப் படமும் எடுத்துவிட்டார். அதை முகம் மாறாமல் செய்தியில் வாசித்தேன். என் தொழில் வாழ்க்கையில் கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கிய சில இடங்களில் அது ஒன்று.

தேவராஜுக்குக் காய்ச்சல் இறங்க நாளாயிற்று. அவரைப் பார்க்கப் போக ஏகாம்பரத்துக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு, நீங்களும் வாங்க மாமி என்றார். கேமரா வேண்டாம் என்று அவரே சொன்னது அன்றைக்குத்தான்.

தேவராஜ் கோபமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அன்றைக்கு டிவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாராம். அண்ணன் டிவியில் இவ்வளவு நன்றாகப் பேசுவார் என்று நினைக்கவே இல்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஒவ்வொரு பேரா வந்துக்கினே இருந்துதுண்ணா. நம்ம பேரும் வரும்னு உக்காந்துக்கினு இருந்தேன். வர்ல. சரி, நம்ம வூட்டுப் பக்கம் தண்ணி வராது போல, அண்ணனுக்குத் தெரியாமலா இருக்கும்னு கஞ்சியக் குடிச்சிட்டுப் படுத்துட்டேன்.”

ஏகாம்பரம் ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்தார். தோலை மிகவும் கவனமாக, வெள்ளை நார்கூட இல்லாமல் உரித்தார். உரித்து முடித்த பிறகும் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. தேவராஜுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. அவர்தான் நோயாளி, அவர்தான் ஆறுதல் சொன்னார். போனது போகட்டும் என்றார், வீட்டுக்கு ஓடு மாற்றினால் சரியாகிவிடும் என்றார், அடுத்த தேர்தலிலும் ஓட்டு அண்ணனுக்குத்தான் என்றார்.

ஏகாம்பரம் நிமிர்ந்து பார்த்தார்.

“வேணாம் தேவராஜு. ஒரு தபாவாவது எனக்கு எதிரா போடு. அப்பத்தான் உன் பேரு எனக்கு ஞாபகம் இருக்கும்.”